விதையுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை முளைக்காமல் கிடக்கும்போதும், தாவரவியல் பாடம் படிக்கும்போதும், இரண்டு ரகங்களைக் கலப்பு செய்யும்போதும் விதைத் தோலைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

விதையுறை என்றால் விதையின் மேல்தோல்தானே? அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

மேல்தோல்தான். ஆனால் அது எதிலிருந்து உண்டாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூவின் சூலகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சூலையும் சூலுறைகள் மூடியிருக்கும். கருவுற்ற பிறகு சூல் விதையாகிறது, சூலுறைகள் விதையுறையாகின்றன. பூக்கும் தாவரங்கள் பலவற்றில் சூலுறைகள் இரண்டு. வெளிப்புறத்தது டெஸ்டா என்ற வெளியுறையாகவும் உட்புறத்தது டெக்மென் என்ற உள்ளுறையாகவும் மாறும். தக்காளி, சூரியகாந்தி குடும்பங்களில் ஒரே சூலுறைதான். பைன், சைகஸ் போன்ற ஜிம்னோஸ்பெர்ம்களிலும், அதாவது விதையைப் பழம் மூடாத தாவரங்களிலும், அப்படியே.

சூலுறை தாய்ச்செடியின் திசு. ஆகவே விதையுறையும் முழுக்க முழுக்கத் தாயுடையது, அதில் மகரந்தம் தந்த செடிக்குப் பங்கே இல்லை. உள்ளே இருக்கும் கருவில் தாய் பாதி, தந்தை பாதி. கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசையில் பொதுவாகத் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. ஒரே விதைக்குள் இப்படி மூன்று வகைத் திசுக்கள் சேர்ந்திருக்கின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் கடினமான கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

தேங்காய் ஓடு, மாங்கொட்டை ஓடு, நெல் உமி இதெல்லாம் விதையுறைதானா?

மூன்றுமே இல்லை. தேங்காயின் சிரட்டையும் மாங்கொட்டையின் நார் படிந்த ஓடும் கனியுறையின் உள் அடுக்கு, அதாவது பழத்தின் பகுதி. தேங்காய்ப் பருப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய பழுப்புத் தோல்தான் விதையுறை. மாங்கொட்டையைப் பிளந்தால் பருப்பைச் சுற்றி வரும் காகிதம் போன்ற சவ்வுதான் விதையுறை. நிலக்கடலையில் ஓடு கனியுறை, சிவப்புத் தோல் விதையுறை. சூரியகாந்தியின் வரியோடிய ஓடும் கனியுறையே. நெல் உமி பழம்கூட அல்ல, பூவை மூடியிருந்த செதில்கள். உமி நீக்கிய அரிசியின் மேல் படிந்த அடுக்கில் கனியுறையும் விதையுறையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக ஒட்டியிருக்கும்.

கையில் இருப்பது விதையா, ஒற்றை விதைப் பழமா என்று சந்தேகம் வந்தால் தழும்புகளைத் தேடுங்கள். பழத்தில் காம்பு இருந்த இடம் ஒன்று, சூல்தண்டு இருந்த இடம் ஒன்று என இரண்டு அடையாளங்கள் இருக்கும். விதையில் சூல்காம்பு அறுந்த தழும்பு ஒன்றுதான் இருக்கும்.

மாதுளை எதிர்த்திசையில் ஏமாற்றும். சாறு நிறைந்த முத்தைப் பழச்சதை என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது விதையுறையின் வெளி அடுக்குதான். ஜாதிக்காயைச் சுற்றியுள்ள ஜாதிபத்திரி இதிலிருந்து வேறு. அது ஏரில் எனப்படும் தனி வளர்ச்சி.

அவரை விதையில் ஒரு தழும்பும் பக்கத்தில் சின்னப் புள்ளியும் தெரிகின்றன. அவை எதற்கு?

நீளமான தழும்பு விதைத்தழும்பு, சூல்காம்பு ஒட்டியிருந்த இடம். அதன் ஒரு முனையில் உள்ள நுண்ணிய ஓட்டை சூல்துளை. முளைவேரின் நுனி இதன் அடியில்தான் படுத்திருக்கும். இரவு முழுக்க ஊறிய விதையைத் துடைத்துவிட்டு விரல்களுக்கிடையே மெல்ல அழுத்துங்கள், சூல்துளை வழியே ஒரு துளி நீர் கசியும். தழும்பின் மறுமுனைப் பக்கம் சிறு மேடு தெரிந்தால் அது வில்லை. பார்க்க அற்பமாக இருந்தாலும் கடின விதைகளில் நீர் நுழையும் வாசல் பெரும்பாலும் இதுதான். ஆமணக்கின் முனையில் இருக்கும் வெண்மையான குமிழ் எறும்புகளுக்கான தீனி. எறும்புகள் அதற்காக விதையைத் தூக்கிச் செல்லும்.

ஒரு மெல்லிய தோலுக்குள் எத்தனை அடுக்குகள் இருந்துவிட முடியும்?

பயறு வகை விதையை எடுத்துக்கொள்வோம், அதில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். மேலே மெழுகு கலந்த கியூட்டிக்கிள். அதற்கடியில் நெட்டுக்குத்தாக நெருக்கி நிற்கும் தடித்த சுவர்கொண்ட செல்கள், இவை மேக்ரோஸ்கிளெரீடுகள். நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்தால் இந்த அடுக்கின் ஊடே ஒளிரும் கோடு ஒன்று ஓடுவது தெரியும். அதை ஒளிக்கோடு என்பார்கள். செல்சுவர்களின் அமைப்பு அந்த மட்டத்தில் மாறுவதால் ஒளி வேறுவிதமாக விலகுகிறது. அடுத்து மணற்கடிகார வடிவச் செல்கள். இவற்றின் இடுப்பு ஒடுங்கியிருப்பதால் செல்களுக்கிடையே காற்றிடம் கிடைக்கிறது. அதற்கும் உள்ளே பல வரிசை மென்திசு, முதிர்ந்த விதையில் நசுங்கிக் கிடக்கும்.

எல்லா விதைகளும் இப்படி அல்ல. ஆர்க்கிட் விதையின் உறை வலை போன்ற ஒற்றைச் செல் படலம். பருத்தியில் வெளிப்புறத் தோல்செல்கள் சிலவே நீண்டு பஞ்சாகின்றன. ஒவ்வொரு பஞ்சிழையும் ஒரே ஒரு செல், பூ மலரும் நாளிலேயே நீளத் தொடங்கி இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரை வளரும்.

பாதுகாப்பைத் தவிர அதற்கு வேறு வேலை உண்டா?

உண்டு. பாடங்களில் குறைவாகப் பேசப்படும் பெரிய வேலை கருவுக்குச் சோறூட்டுவது. தாய்ச்செடியின் உணவுக்குழாய்கள் சூல்காம்பு வழியாக வந்து விதையுறையிலேயே முடிந்துவிடுகின்றன. தாய்க்கும் கருவுக்கும் இடையே செல்லோடு செல் இணைப்பு எதுவும் கிடையாது. இலையிலிருந்து வரும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் உறையின் செல்கள் வாங்கி இடைவெளியில் வெளியேற்றுகின்றன, கரு அங்கிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. இளம் காயில் உறை தடித்துச் சதைப்பற்றோடு இருப்பதற்குக் காரணம் இதுதான். முதிர முதிர அந்தச் சதை வற்றி, செல்கள் இறந்து, காய்ந்த ஓடாகிறது. அந்த வளர்ச்சிக் காலத்தில் உறை எவ்வளவு விரிந்ததோ அந்த இடத்துக்குள்தான் கருவும் வளர முடியும். விதையின் அளவில் தாய்ச்செடியின் கை ஓங்கியிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மற்றவை பரவலாகத் தெரிந்தவை: நீர் நுழையும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, டானின் போன்ற பொருள்களால் பூஞ்சையையும் பூச்சியையும் தடுப்பது, இறகாகவோ பஞ்சாகவோ நீண்டு பரவ உதவுவது. டானின்களில் ஒரு வகை உருவாகும்போது நிறமற்றது, பின்னர் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும். பல விதைகள் முதிரும்போது பழுப்பேறுவது இதனால்தான்.

சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டதும் வழவழவென்று ஜெல்லி கட்டுகிறதே, அதுவும் உறைதானா?

நெல்லைப் போலவே கடுகளவான சப்ஜா மணியும் உண்மையில் ஒரு சிறு பழம். அங்கே ஜெல்லி கட்டுவது கனியுறை. ஆளி விதையிலும் இசப்கோலிலும் அதே வேலையை விதையுறையின் வெளிச்செல்கள் செய்கின்றன. செல்லுக்குள் சேமித்திருந்த பெக்டின் போன்ற பசைப்பொருள் நீர் பட்டதும் ஊதிச் செல்சுவரைக் கிழித்து வெளியே வருகிறது. விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ளவும் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் இது உதவுகிறது.

இப்படிப்பட்ட விதைகளை ஊறவைத்து விதைக்காதீர்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டு சீராகத் தூவ வராது. உலர்ந்த மணலோடு கலந்து தூவி, பிறகு நீர் தெளிப்பதே சரி. நீர் தேங்கினால் ஜெல்லிப் படலம் ஆக்சிஜனைத் தடுத்து முளைப்பைக் கெடுக்கும்.

இரண்டு நாள் ஊறவைத்தும் விதை கல் மாதிரியே இருக்கிறது. செத்துப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, சொல்லப்போனால் அது நல்ல அறிகுறி. செத்த விதை பொதுவாகத் தண்ணீரை உறிஞ்சி ஊதி அழுகும். கல்லாகக் கிடப்பது உறை தண்ணீரை விடவில்லை என்பதைக் காட்டுகிறது. அவரையும் வெண்டையும் சேர்ந்த குடும்பங்களிலும் காக்கட்டான் (மார்னிங் குளோரி) குடும்பத்திலும் கல்வாழையிலும் இது சாதாரணம். சரக்கொன்றை, மயில்கொன்றை, வாகை, சூபாபுல், குன்றிமணி எல்லாம் இந்த வகை.

விதை இவ்வளவு இறுகுவதற்குத் தழும்பின் அமைப்பே காரணம். குளோவர், லூபின் போன்ற பயறினச் செடிகளின் விதைத்தழும்பில் ஒரு மெல்லிய பிளவு உண்டு. வெளிக்காற்று வறண்டிருந்தால் பிளவு திறந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். காற்று ஈரமானால் மூடிக்கொள்ளும். ஈரம் ஒரு வழியில் மட்டுமே போகிறது, திரும்பி வருவதில்லை. 1954இல் ஹைட் என்ற ஆய்வாளர் இதை விளக்கிக் காட்டினார். அதே செடியின் விதையே வறண்ட பருவத்தில் முதிர்ந்தால் அதிகம் கடினமாகவும் ஈரமான பருவத்தில் முதிர்ந்தால் குறைவாகவும் வருவது இதனால்தான்.

உறைதான் தடை என்று உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது?

எடை பார்த்துத்தான். ஊகித்து வெந்நீரையோ அமிலத்தையோ கையில் எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், ஒரு நாள் போதும். ஒரே குவியலிலிருந்து 25 விதைகள் கொண்ட இரண்டு பங்குகள் எடுங்கள். ஒரு பங்கில் ஒவ்வொரு விதையின் தோலையும் சற்றே கீறுங்கள், மற்றதைத் தொடவேண்டாம். இரண்டையும் தனித்தனியே எடைபோட்டு, 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் போடுங்கள். 1, 2, 4, 8, 24 மணி நேரங்களில் எடுத்து, மேல் ஈரத்தைத் துடைத்து, மறுபடி எடை பாருங்கள்.

கீறியவை எடை கூடி, கீறாதவை அப்படியே நின்றால் தடை உறையில். இரண்டுமே எடை கூடியும் முளைக்கவில்லையென்றால் நீர் உள்ளே போகிறது, தடை வேறெங்கோ இருக்கிறது: கருவின் உறக்கமாக இருக்கலாம், அல்லது விதைக்கு உயிரில்லாமல் இருக்கலாம். அப்போது கீறலோ வெந்நீரோ பயன்படாது.

சரி, தடை உறையில்தான். அதை எப்படி உடைப்பது?

விதை குறைவாக இருந்தால் கையால் கீறுவதே சிறந்தது, இதைவிட நம்பகமான வழி இல்லை. நகவெட்டி, சிறு அரம், உப்புத்தாள் எதுவும் போதும். தழும்புக்கும் சூல்துளைக்கும் எதிர்ப்பக்கத்தில் கீறுங்கள், ஏனென்றால் முளைவேர் சூல்துளையின் அடியில் இருக்கிறது. உறையின் நிறம் மாறி உள்ளிருக்கும் வெளிறிய வித்திலை ஊசிமுனை அளவு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு 12 மணி நேரம் ஊறவைத்தால் விதை இரண்டு மடங்காக ஊதும்.

விதை அதிகமென்றால் வெந்நீர். விதையின் கனஅளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, 80 முதல் 90 டிகிரிக்கு வந்ததும் விதையைக் கொட்டி, அதிலேயே ஆறவிட்டு 12 முதல் 24 மணி நேரம் வைக்கவேண்டும். சூபாபுல் போன்றவற்றில் இந்தச் சூடு வில்லையைத் திறந்துவிடுகிறது, நீர் அந்த ஒரே இடம் வழியாக நுழைகிறது. ஊதியவற்றைப் பிரித்து உடனே விதைத்துவிட்டு, ஊதாதவற்றுக்கு மட்டும் மறுபடி செய்யுங்கள்.

அடர் கந்தக அமிலம் மிகக் கடினமான விதைகளுக்கு, அதுவும் பழகியவர்கள் கையுறை, கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யும்போது மட்டும். விதை நன்றாக உலர்ந்திருக்கவேண்டும், ஈர விதை பட்டால் அமிலம் சூடேறித் தெறிக்கும். நேரம் இனத்துக்கு இனம் 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி வரை மாறும். எனவே சில விதைகளை வைத்து முதலில் சோதித்துப் பார்க்காமல் முழுக் குவியலையும் போடக்கூடாது. அமிலத்தை வடித்தபின் விதையை ஏராளமான ஓடும் நீரில் குறைந்தது பத்து நிமிடம் கழுவுங்கள். அமிலத்தின்மேல் நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

வெந்நீரில் போட்டேன், எல்லாம் அழுகிவிட்டது. என்ன தப்பு?

மூன்றில் ஒன்றாக இருக்கும். அடுப்பின் மேலேயே விட்டுக் கொதிக்கவைத்திருக்கலாம். நீர் குறைவாகவோ அதிகமாகவோ இருந்து வெப்பம் கணக்குத் தப்பியிருக்கலாம். அல்லது, இதுதான் அதிகம் நடப்பது, குவியலில் பாதி விதைகளின் உறை ஏற்கெனவே நீரை விடக்கூடியதாக இருந்திருக்கும். அவற்றுக்குள் சூடான நீர் நேரே கருவரை போய் அதை வேகவைத்துவிடும். ஆகவே முதலில் சாதாரண நீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஊதுபவற்றை எடுத்துவிட்டு, கல்லாக நிற்பவற்றை மட்டும் வெந்நீருக்கு அனுப்புங்கள்.

காட்டில் யாரும் கீறிவிடுவதில்லையே, அங்கே எப்படி முளைக்கிறது?

வெயிலும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதால். கோடையில் திறந்த மண்ணின் மேற்பரப்பு பகலில் 60 டிகிரியைத் தொட்டு இரவில் 15க்கு இறங்கும் இடங்களில் குளோவர் வகை விதைகளின் வில்லை சிறுகச் சிறுகத் தளர்ந்து திறக்கிறது. காட்டுத்தீயின் சூடும் அதே வேலையைச் செய்யும். விலங்கின் வயிறு வழியாக வருவது சில விதைகளுக்கு உதவும், பலவற்றை அழித்தும்விடும். அதை ஒரு பொது வழியாக எண்ணவேண்டாம். ஒரே செடியின் விதைகள் ஒரே ஆண்டில் திறக்காமல் பல ஆண்டுகளுக்குப் பரவித் திறப்பதுதான் செடிக்கு நன்மை. ஒரு வறட்சியில் எல்லா நாற்றும் அழிந்துபோகாது.

உறை இவ்வளவு தொல்லை என்றால் எல்லா விதையின் தோலையும் உரித்துவிட்டே விதைக்கலாமே?

கூடாது. கடின உறை இல்லாத விதைக்கு உறைதான் நீரின் வேகத்தைத் தணிக்கிறது. தோல் உரித்த அல்லது விரிசல் விட்ட சோயாவையோ பட்டாணியையோ, அதுவும் நன்கு காய்ந்த நிலையில், குளிர்ந்த நீரில் போட்டால் நீர் ஒரேயடியாகப் பாய்ந்து செல்சவ்வுகள் சேதமடையும். செல்லுக்குள்ளிருந்த சர்க்கரையும் உப்பும் வெளியே கசியும். வித்திலைகளில் குறுக்கே வெடிப்பு விழும். கசிந்த சர்க்கரை மண்ணிலுள்ள பூஞ்சைகளை அழைத்து வரும். வெள்ளைத்தோல் பயறுகளில் நீர் வேகமாக நுழைவதால் இந்தச் சேதம் நிறத்தோல் ரகங்களைவிட அதிகம்.

பெரும்பாலான விரிசல்கள் கதிரடிக்கும் இயந்திரத்தில்தான் விழுகின்றன. சோயாவை 13 முதல் 15 சதவீத ஈரத்தில் அடிப்பது நல்லது. அதிகம் காய்ந்தால் உறை நொறுங்கும், ஈரம் கூடினால் நசுங்கும். விரிசலைக் கண்டுபிடிக்க 100 விதைகளை 0.1 முதல் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 10 முதல் 15 நிமிடம் வைத்துப் பாருங்கள். உறை உடைந்தவை சட்டென ஊதிவிடும், முழுமையானவை மாறாமல் இருக்கும்.

நாற்று வெளியே வந்தும் விதைத்தோல் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

உலர்ந்த நிலையில் பிய்த்தால் வித்திலையும் சேர்ந்து கிழியும். நீரைத் தெளித்து, ஈரமான பஞ்சால் கால்மணி நேரம் மூடிவைத்தால் தோல் இளகும், பிறகு தள்ளினாலே கழன்றுவிடும். காரணம் பெரும்பாலும் ஆழம் போதாமை. மண்ணின் உராய்வுதான் தோலைப் பிடித்து நிறுத்த வேண்டும். விதையின் தடிமனைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆழத்தில் விதைத்து மண்ணை லேசாக அமுக்கிவிடுங்கள்.

பூசணி, வெள்ளரி வகைகளுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. தண்டும் வேரும் சேருமிடத்தில் ஒரு சிறு ஆப்பு முளைத்து, உறையின் கீழ்ப்பாதியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மேலே வளையும் தண்டு வித்திலைகளை உருவி எடுக்கும். விதையைப் படுக்கைவாட்டில் வைத்தால் ஆப்பு சரியான பக்கத்தில் வரும். செங்குத்தாக நட்டால் பிடி தவறி, தோல் தலையோடு மேலே வரும்.

வெள்ளை அவரைப் பூவுக்குக் கறுப்பு அவரையின் மகரந்தம் வைத்தேன். விதை வெள்ளையாகவே வந்தது. கலப்பு தோற்றுவிட்டதா?

அதை வைத்து முடிவு செய்ய முடியாது. முதல் பதிலில் சொன்னதுபோல உறை தாயின் திசு. தாய் வெள்ளை என்றால் கலப்பு வென்றிருந்தாலும் தோல் வெள்ளையாகத்தான் இருக்கும், கலப்பு கருவுக்குள் ஒளிந்திருக்கும். அந்த விதையை விதைத்து வளரும் செடி தரும் விதைகளில்தான் தோல்நிறம் மாறும். கறுப்பு ஓங்கு பண்பாக இருந்தால் அவை எல்லாமே கறுப்பாக வரும். அவற்றையும் விதைத்தால் சில செடிகள் முழுக்கக் கறுப்பு விதையும் சில முழுக்க வெள்ளை விதையும் தரும். ஒரே மரபணு சம்பந்தப்பட்டிருந்தால் செடிகளின் விகிதம் 3:1. தோல்நிறம் எப்போதும் ஒரு தலைமுறை பிந்தியே தெரியும்.

இதனால் ஒரே காய்க்குள் தோல்நிறம் பிரிந்து வராது. பட்டாணியில் ஒரே காயில் மஞ்சளும் பச்சையும் கலந்து தெரிந்தால் அது தோலின் நிறமல்ல, ஒளி ஊடுருவும் தோல் வழியாகத் தெரியும் வித்திலையின் நிறம். மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்விலும் வித்திலை நிறமும் விதைத்தோல் நிறமும் தனித்தனிப் பண்புகளாகவே கணக்கிடப்பட்டன. விதை உற்பத்தி செய்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: அயல் மகரந்தம் கலந்துவிட்டதா என்பதை அந்த அறுவடையின் தோல்நிறத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

விதையில்லாத தர்ப்பூசணியில் வெள்ளையாக மெல்லிய விதைகள் இருக்கின்றனவே?

அவை கரு இல்லாத வெறும் விதையுறைகள். மூன்று தொகுதி நிறப்புரிகள் கொண்ட செடியில் கரு சரியாக உருவாகாது. ஆனால் மகரந்தச் சேர்க்கையின் தூண்டுதலால் தாயின் சூலுறைகள் கொஞ்சதூரம் வளர்ந்து நின்றுவிடும்.

அந்தச் செடியை வளர்க்க விதைக்கும் விதை வேறு. அதன் உறை தடிப்பு, கரு சிறிது, இடையில் காற்றிடம் அதிகம். இதை ஊறவைக்கவே கூடாது, நீர் அந்தக் காற்றிடத்தில் தேங்கிக் கருவை மூச்சுத்திணற வைக்கும். கூர்முனையில் உறையை லேசாக நெரித்துத் திறந்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத அளவு மட்டுமே ஈரமுள்ள நாற்றுக் கலவையில், 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் முளைக்கவிடுங்கள்.

ஆயிரம் ஆண்டு பழைய தாமரை விதை முளைத்ததாம். அவ்வளவு வலுவான விதையுறையா?

முளைத்தது உண்மை. வடகிழக்குச் சீனாவில் வற்றிப்போன ஏரிப் படுகையில் கிடைத்த தாமரை விதை சுமார் 1,300 ஆண்டு பழையது என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியது, முடிவு 1995இல் வெளியானது. ஆனால் அதைக் காத்த கறுப்பு ஓடு விதையுறை அல்ல, கனியுறை. இரண்டாவது கேள்வியில் சொன்ன தழும்புச் சோதனையைத் தாமரையில் செய்து பாருங்கள்: ஒரு முனையில் காம்பின் அடையாளமும் மறுமுனையில் சூல்முடியின் மிச்சமும் தெரியும். உள்ளே உள்ள உண்மையான விதையுறை மெல்லியது. நீரைத் தடுக்கும் வேலையை விதையுறை செய்யாத இடத்தில் பழத்தின் சுவர் ஏற்றுக்கொள்வது தாவரங்களில் புதிதல்ல. முளைக்கவைக்கும் முறை மட்டும் ஒன்றே: ஓட்டை அரத்தால் தேய்த்து உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்தி, 25 முதல் 30 டிகிரி நீரில் போட்டு, நீரைத் தினமும் மாற்றவேண்டும்.

உறையே இல்லாத விதை உண்டா?

உண்டு. சந்தன மரத்தின் சூலில் சூலுறையே கிடையாது, அதனால் விதையுறையும் கிடையாது. நாம் உடைக்கும் கடின ஓடு கனியுறையின் உள்ளடுக்கு. புல்லுருவிகளிலும் அப்படித்தான். விஷமூங்கில் என்றும் சொல்லப்படும் கிரைனம் லில்லியில் முளைசூழ்தசையே வெளிப்புறத்தில் தக்கை போன்ற அடுக்கை உண்டாக்கிக்கொண்டு வெற்று விதையாக வெளியே வருகிறது.

"தோலில்லா" எண்ணெய்ப் பூசணி இந்தப் பட்டியலில் சேராது. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா பகுதியிலிருந்து பரவிய அந்த ரகத்தில் உறை இருக்கிறது, ஆனால் அதன் செல்சுவர்களில் கெட்டித்தன்மை தரும் லிக்னின் படிவது வெகுவாகக் குறைந்து, பச்சைநிற மென்சவ்வாக நின்றுவிடுகிறது. பருப்பை ஓடு நீக்காமலே ஆட்ட முடிவது வசதிதான். ஆனால் காவல் போய்விட்டதால் குளிர்ந்த ஈர மண்ணில் அது எளிதில் அழுகும். மண் 15 டிகிரிக்கு மேல் சூடேறும்வரை பொறுத்திருந்து விதைப்பது நல்லது.